சின்ன சென்சார் கேமரா கூந்தன்குளத்துக்குப் போதுமா? வாங்கும் முன் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பிசான நெல் பச்சைப்பசேலென நிற்கும் மாதங்களில் திருநெல்வேலி பக்கத்துக் குளங்கள் பறவைகளால் நிறைந்துவிடும். கூந்தன்குளம், ராஜவல்லிபுரம், நயினார்குளம், அம்பாசமுத்திரம் பக்கத்து வாகைக்குளம் என ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கரைக்குக் கரை கேமராவும் கழுத்துமாக ஆட்கள் நிற்பார்கள்.

புதிதாக இந்த ஜோதியில் கலக்க நினைப்பவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகள்தான் குழப்பம். “ஃபுல் ஃபிரேம்தான் கேமரா, மத்ததெல்லாம் பொம்மை” என்பார் ஒருவர். “மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வாங்கு, தோள் வலிக்காது” என்பார் இன்னொருவர். நடுவில், செகண்ட் ஹேண்ட் விளம்பரத்தில் நிக்கான் 1 கேமரா ஒன்று லென்ஸோடு சல்லிசாக வந்து கண் சிமிட்டும். எதைத்தான் நம்புவது?

சுருக்கமான பதில் இது. பகல் வெளிச்சத்தில் தூரத்துப் பறவையை எடுக்க, லென்ஸ் மாற்றக்கூடிய சின்ன சென்சார் கேமரா நன்றாகவே உதவும். பல சமயம் பெரிய கேமராவைவிட வசதியானதும்கூட. இருட்டில் அது திணறும். உற்பத்தி நின்றுபோன ரகத்தை விவரம் தெரியாமல் வாங்கினால் காசு மாட்டிக்கொள்ளும். எவ்வளவு தூரம், எவ்வளவு வெளிச்சம், எத்தனை வருஷம்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

‘சின்ன சென்சார்’ என்றால் எவ்வளவு சின்னது?

ஃபிலிம் காலத்தில் சுருள் செய்த வேலையை டிஜிட்டல் கேமராவில் செய்வது சென்சார். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் இதன் மேல்தான் விழுகிறது. புழக்கத்தில் உள்ள அளவுகள் இவை:

- ஃபுல் ஃபிரேம்: 36 × 24 மி.மீ.
- ஏபிஎஸ்-சி: சுமார் 23.5 × 15.6 மி.மீ. (கேனானில் இதைவிடக் கொஞ்சம் சிறியது)
- மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: 17.3 × 13 மி.மீ.
- 1 இன்ச்: 13.2 × 8.8 மி.மீ.
- 1/2.3 இன்ச்: சுமார் 6.2 × 4.6 மி.மீ.

பரப்பளவைக் கணக்குப் போட்டால் வித்தியாசம் இன்னும் பளிச்செனத் தெரியும். ஃபுல் ஃபிரேம் 864 சதுர மி.மீ.; மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சுமார் 225; 1 இன்ச் சென்சார் சுமார் 116. கடைசியில் இருக்கும் 1/2.3 இன்ச் கிட்டத்தட்ட ஓர் உளுந்து அளவுதான்.

இங்கே ஒரு குட்டிக் குழப்பமும் உண்டு. ‘1 இன்ச் சென்சார்’ எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரு இன்ச் வராது. அதன் மூலைவிட்டமே சுமார் 16 மி.மீ.தான். பழைய டி.வி. கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தை வைத்து அளவு சொன்ன பழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயரை விடுங்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள்.

இது புது யோசனையா?

இல்லை. இன்று ‘ஃபுல்’ என்று பெருமையாகச் சொல்லப்படும் 36 × 24 மி.மீ. அளவே ஒரு காலத்தில் பொடிசுதான். 1925-ல் லைக்கா விற்பனைக்கு வந்தபோது, பெரிய பெரிய தகடுகளில் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு அது ‘மினியேச்சர்’ கேமராவாகவே தெரிந்தது.

பிறகு அதையும் பாதியாக்கினார்கள். 1959-ல் ஒலிம்பஸ் பென் வந்தது. 36 படச் சுருளில் 72 படம் எடுக்கலாம். 1963-ல் வந்த பென் எஃப் மாடலில் லென்ஸும் மாற்ற முடிந்தது. 1978-ல் பென்டாக்ஸ் ஆட்டோ 110 என்ற கேமரா வந்தது. உள்ளங்கையில் அடங்கும் எஸ்எல்ஆர், அதற்கென்றே குட்டி லென்ஸ்கள். அதன் ஃபிலிம் சட்டம் 17 × 13 மி.மீ., அதாவது இன்றைய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரின் அதே அளவு!

டிஜிட்டலில் இந்தக் கதையின் முக்கியத் திருப்பம் 2008-ல் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் முறையை அறிவித்தன. உள்ளே மடங்கித் திறக்கும் கண்ணாடி கிடையாது என்பதால் பாடி ஒல்லியானது. அடுத்த மாதமே பானசோனிக் ஜி1 அறிமுகமானது. 2009-ல் ஒலிம்பஸ் பென் இ-பி1 வந்தது.

2011-ல் இரண்டு கம்பெனிகள் இன்னும் கீழே இறங்கின. பென்டாக்ஸ், 1/2.3 இன்ச் சென்சாரோடு சுமார் 200 கிராம் எடையுள்ள ‘க்யூ’ கேமராவைக் கொண்டுவந்தது. நிக்கான், 1 இன்ச் சென்சாரோடு ஜே1, வி1 என்ற ‘நிக்கான் 1’ குடும்பத்தைத் தொடங்கியது. 2014-ல் சாம்சங்கும் என்எக்ஸ் மினியோடு 1 இன்ச் களத்தில் இறங்கியது. இவற்றில் இன்றும் புது கேமராவும் லென்ஸும் வந்துகொண்டிருப்பது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மட்டும்தான். காரணத்தை மூன்றாவது கேள்வியில் பார்க்கலாம்.

கேள்வி 1: எவ்வளவு தூரம்?

கூந்தன்குளத்துக் கரையில் நிற்கிறீர்கள். 60 மீட்டர் தள்ளி ஒரு சங்குவளை நாரை. மஞ்சள்மூக்கு நாரை என்றும் சொல்வார்கள். உயரம் சுமார் 1 மீட்டர். உங்களிடம் இருப்பது 300 மி.மீ. லென்ஸ். சென்சார் மேல் விழும் நாரையின் பிம்பம் எவ்வளவு இருக்கும்? 300-ஐ 60,000-ஆல் வகுத்து (60 மீட்டரின் மில்லிமீட்டர்), நாரையின் 1,000 மி.மீ. உயரத்தால் பெருக்கினால், 5 மி.மீ.

எந்த கேமராவில் மாட்டினாலும் அந்த லென்ஸ் தரும் பிம்பம் 5 மி.மீ.தான். மாறுவது சட்டம். ஃபுல் ஃபிரேமில் உயரம் 24 மி.மீ. என்பதால் நாரை ஐந்தில் ஒரு பங்கு உயரம்தான் தெரியும். மீதியெல்லாம் தண்ணீரும் வானமும். ஏபிஎஸ்-சியில் மூன்றில் ஒரு பங்கு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் ஐந்தில் இரண்டு பங்கு. 1 இன்ச் சென்சாரில் பாதிக்கும் மேல். அடாப்டர் போட்டு பென்டாக்ஸ் க்யூவில் மாட்டினால் சட்டத்தின் உயரமே 4.6 மி.மீ.தான், நாரையின் தலையோ காலோ வெளியே போய்விடும்!

இதைத்தான் ‘கிராப் ஃபேக்டர்’ என்கிறார்கள். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 2, 1 இன்ச்சுக்கு 2.7. அதாவது 300 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 600 மி.மீ., 810 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சியைக் காட்டும்.

“ஃபுல் ஃபிரேம்ல எடுத்துட்டு, அப்புறம் கம்ப்யூட்டர்ல வெட்டிக்கிட்டா அதே தானே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு, நாரையின் உயரத்தில் எத்தனை பிக்சல் விழுகிறது என்று பார்க்க வேண்டும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் சுமார் 830. 45 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் சுமார் 1,150. 20 மெகாபிக்சல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் சுமார் 1,500. 18 மெகாபிக்சல் கொண்ட நிக்கான் 1 வி3-ல் கிட்டத்தட்ட 2,000. ஒரே லென்ஸ், ஒரே தூரம் என்றால் சின்ன சென்சாரில் பறவைமீது அதிக பிக்சல் விழுகிறது. ஃபுல் ஃபிரேம்காரர் இதைச் சமாளிக்க இன்னும் நீளமான லென்ஸ் வாங்க வேண்டும்.

அந்த லென்ஸின் எடையும் விலையும்தான் பிரச்சினையே. ஃபுல் ஃபிரேமுக்கான சிக்மா 150–600 மி.மீ. கான்டெம்பரரி லென்ஸ் சுமார் 1.9 கிலோ. நிக்கானின் 200–500 மி.மீ. லென்ஸ் சுமார் 2.3 கிலோ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 600 மி.மீ. காட்சி தரும் பானசோனிக் 100–300 மி.மீ. லென்ஸ் சுமார் 520 கிராம்தான். ஒலிம்பஸ் 75–300 மி.மீ. சுமார் 420 கிராம். நிக்கான் 1-க்கான 70–300 மி.மீ. லென்ஸ், 810 மி.மீ. காட்சியை 550 கிராமில் தருகிறது. பைக்கில் தோள்பையில் போட்டுக்கொண்டு நாங்குநேரி வரை போய்வரக்கூடிய எடை. டிரைபாடும் தேவையில்லை.

தூரம் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஏனென்றால் கூந்தன்குளம் ஸ்டூடியோ இல்லை. 129 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் குளம் 1994-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. கூழைக்கடா, நாரை, கரண்டிவாயன் எல்லாம் இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வருகின்றன. ஊருக்குள் வீட்டு மரங்களில்கூடக் கூடு இருக்கும். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடுவதையே தவிர்க்கும் ஊர் இது.

அப்படிப்பட்ட இடத்தில், லென்ஸ் எட்டவில்லை என்று பத்தடி, இருபதடி முன்னால் போவதால் வரும் பாதிப்பு போட்டோவில் தெரியாது. வெயில் ஏறும் நேரத்தில் தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆள் நெருங்கினால் அது எழும்பிப் பறந்துவிடும். அந்தச் சில நிமிடங்களில் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும். காக்கைக்கும் அதுதான் தோதான நேரம். கரையை விட்டு இறங்காமலே படம் எடுக்க முடிகிறது என்பது, இந்த ஊரைப் பொறுத்தவரை சின்ன சென்சாரின் மிகப் பெரிய லாபம்.

இன்னொரு பயனும் உண்டு. மணிமுத்தாறில் இயங்கும் ஏட்ரீ அமைப்பின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், உள்ளூர் இயற்கை அமைப்புகளோடு சேர்ந்து 2011 முதல் ஜனவரி மாதங்களில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. இதுபோன்ற கணக்கெடுப்பில் போட்டோ அழகாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சேற்றில் ஓடும் பொடி உள்ளான் எந்த இனம் என்று அலகையும் காலையும் பார்த்துச் சொல்ல முடிந்தால் போதும். பறவைமேல் எத்தனை பிக்சல் விழுந்தது என்பதுதான் அங்கே கணக்கு.

கேள்வி 2: எவ்வளவு வெளிச்சம்?

இதுவரை சொன்னது நல்ல செய்தி. இனி மறுபக்கம்.

மழை பெய்யும்போது முற்றத்தில் அண்டாவையும் செம்பையும் வைத்தால் அண்டாவில்தான் அதிகத் தண்ணீர் சேரும். சென்சாரும் அப்படித்தான். ஒரே எஃப் எண், ஒரே ஷட்டர் வேகம் வைத்தால் படத்தின் பிரகாசம் எல்லா கேமராவிலும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சேகரிக்கும் மொத்த வெளிச்சம் ஃபுல் ஃபிரேமில் நான்கில் ஒரு பங்குதான். போட்டோகிராபர்கள் பாஷையில் 2 ஸ்டாப் குறைவு. 1 இன்ச் சென்சாரில் ஏழில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 3 ஸ்டாப். வெளிச்சம் குறையும்போது படத்தில் மணல் தூவியது போல் புள்ளிகள் வருமே, அந்த ‘நாய்ஸ்’ சின்ன சென்சாரில் முந்திக்கொண்டு வரும்.

நடைமுறையில் இது எங்கே உறைக்கும்?

குளத்தங்கரை, காலை 8 மணி: பிரச்சினை இல்லை. பளிச்சென்ற வெயிலில் ஐஎஸ்ஓ 200, எஃப்/5.6 வைத்தால் ஷட்டர் வேகம் 1/1600 விநாடி வரை கிடைக்கும். பறக்கும் கூழைக்கடாவை உறைய வைக்க இது போதும். ஐஎஸ்ஓ 200-ல் சின்ன சென்சாருக்கும் பெரிய சென்சாருக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முண்டந்துறை, மாஞ்சோலைப் பக்கத்து அடர்காடு: கதை மாறுகிறது. 1988-ல் அறிவிக்கப்பட்ட களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்தில், மரக்கூரையின் கீழே சிங்கவால் குரங்கோ இருவாச்சியோ கண்ணில் பட்டால், வெளிச்சம் வெட்டவெளியைவிட 4 ஸ்டாப், அதற்கும் மேல்கூடக் குறைவாக இருக்கும். அதே எஃப்/5.6-ல் ஷட்டர் வேகம் 1/100-க்கு இறங்கிவிடும். 1/1600 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 3200-க்குப் போக வேண்டும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் ஓரளவு தாக்குப்பிடிக்கும். 1 இன்ச் நிக்கான் 1 அங்கே மூச்சு வாங்கும்.

கோயில் கொடை, நள்ளிரவு: கணியான் கூத்து ஆட்டக்காரரோ, சாமியாடியோ ஒரு நொடி அசையாமல் நிற்க மாட்டார்கள். கேமராவோடு வரும் கிட் லென்ஸை நம்பிப் போனால் மங்கலான படங்களோடுதான் திரும்புவீர்கள். ஆனால் இங்கேதான் ‘லென்ஸ் மாற்றலாம்’ என்பது கை கொடுக்கும். எஃப்/5.6 லென்ஸைக் கழற்றிவிட்டு எஃப்/1.8 பிரைம் லென்ஸ் மாட்டினால் சுமார் 10 மடங்கு வெளிச்சம் கூடுதல். பானசோனிக் 25 மி.மீ. எஃப்/1.7, ஒலிம்பஸ் 45 மி.மீ. எஃப்/1.8 போன்ற குட்டி லென்ஸ்கள் இதற்கென்றே இருக்கின்றன.

கல்யாண மண்டபம்: மணப்பெண் மட்டும் பளிச், பின்னணி பஞ்சு மாதிரி மங்கல். இந்த லுக் வேண்டும் என்றால் சின்ன சென்சார் கஷ்டப்படுத்தும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எஃப்/2.8 தரும் பின்னணி மங்கல், ஃபுல் ஃபிரேமில் எஃப்/5.6 தருவதற்குத்தான் சமம். கல்யாண ஆர்டர்தான் பிழைப்பு என்றால் பெரிய சென்சார் பக்கம் போவதே புத்திசாலித்தனம்.

அசையாத சிற்பம், மங்கலான மண்டபம்: இதற்கு சென்சாரைவிட ‘ஸ்டெபிலைசேஷன்’ முக்கியம். கை நடுக்கத்துக்கு ஏற்ப சென்சாரையே ஐந்து அச்சுகளில் நகர்த்தும் முறையை 2012-ல் ஒலிம்பஸ் இ-எம்5 கொண்டுவந்தது. சின்ன சென்சாரை நகர்த்துவது எளிது என்பதால் இந்த ரகம் இதில் கெட்டி. ஆனால் இது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். எதிரில் ஆடுபவரின் அசைவை நிறுத்தாது. படம் எடுக்கக் கோயிலில் அனுமதி உண்டா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த சென்சாராலும் தீர்க்க முடியாத ஒன்றும் நம்ம ஊரில் இருக்கிறது: வெக்கை. வெயில் ஏறிய பிறகு தண்ணீருக்கும் தரைக்கும் மேலே காற்று நெளியும். 100 மீட்டர் தள்ளி நிற்கும் பறவை அலையடிப்பதுபோல் தெரியும். லட்ச ரூபாய் லென்ஸிலும் படம் கூர்மையாக வராது. விடிந்ததிலிருந்து 9 மணிக்குள் வேலையை முடித்துவிடுவது எந்த அப்கிரேடையும்விட நல்ல பலன் தரும்.

கேள்வி 3: எத்தனை வருஷம்?

பாடி பழசானால் மாற்றிவிடலாம். லென்ஸ்தான் நெடுநாள் சொத்து. அந்த லென்ஸ் எந்த ‘மவுண்ட்’டில் மாட்டும் என்பதைப் பார்க்காமல் வாங்குபவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

நிக்கான் 1 நல்ல உதாரணம். 2014-ல் வந்த வி3, ஃபோகஸ் தொடர்ந்துகொண்டே விநாடிக்கு 20 படம் எடுத்தது. அந்தக் காலத்துக்கு அசுர வேகம். ஆனால் 2015-ல் வந்த ஜே5-க்குப் பிறகு புது பாடி வரவில்லை. 2018-ல் உற்பத்தியே நின்றது. அந்த லென்ஸ்களை நிக்கானின் டிஎஸ்எல்ஆரிலும் மாட்ட முடியாது, இன்றைய இசட் மிரர்லெஸ்ஸிலும் மாட்ட முடியாது. பென்டாக்ஸ் க்யூ 2014-ல் வந்த க்யூ-எஸ்1-ஓடு நின்றது. சாம்சங் கேமராத் துறையையே விட்டு வெளியேறியது.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மட்டும் எப்படித் தப்பியது? அது ஒரு கம்பெனியின் சொத்தாக இல்லை என்பது முக்கியக் காரணம். பானசோனிக் லென்ஸை ஒலிம்பஸ் பாடியில் மாட்டலாம், அதை இதில் மாட்டலாம். சினிமா கேமரா செய்யும் பிளாக்மேஜிக்கும் இதே மவுண்ட்டைப் பயன்படுத்துகிறது. 2018-ல் வந்த அதன் பாக்கெட் சினிமா கேமரா 4கே, குறும்பட வட்டாரத்தில் பலருக்கும் தெரிந்த பெயர். 2020-ல் ஒலிம்பஸ் தன் கேமராப் பிரிவை விற்கப்போவதாக அறிவித்தபோது ‘அவ்வளவுதான், முடிந்தது’ என்றார்கள். 2021 ஜனவரியில் அது ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற புது கம்பெனியானது. 2022-ல் ஓஎம்-1, 2025-ல் ஓஎம்-3 வந்தன. பானசோனிக்கும் 2023-ல் ஜி9 மார்க் 2, 2024-ல் ஜிஹெச்7 கொண்டுவந்தது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் யாரும் அதைத் தூக்கிப்போட வேண்டியதாகவில்லை.

கண்ணாடி இல்லாத ஒல்லி பாடியால் இன்னொரு ஆதாயமும் உண்டு. பரணில் கிடக்கும் ஃபிலிம் காலத்து 50 மி.மீ. லென்ஸை ஓர் அடாப்டர் வளையம் வாங்கி மாட்டலாம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் அது 100 மி.மீ. காட்சி தரும் போர்ட்ரெய்ட் லென்ஸாக மாறிவிடும். ஃபோகஸை மட்டும் கையால் திருக வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் என்ன பார்க்க வேண்டும்?

- பூஞ்சை: நம்ம ஊர் ஈரக்காற்றில் பீரோவில் பூட்டிவைத்த லென்ஸுக்கு முதல் எதிரி இதுதான். போன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் வேண்டாம்.
- பேட்டரி: பழைய மாடலுக்குப் புது பேட்டரி கிடைக்கிறதா? நிக்கான் 1 வி1, அதே கம்பெனியின் டிஎஸ்எல்ஆர் பேட்டரியையே (இஎன்-இஎல்15) பயன்படுத்துவதால் தப்பித்தது. எல்லா மாடலுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.
- மெமரி கார்டு: நிக்கான் 1 வி3-ல் மைக்ரோ எஸ்டி கார்டுதான் போகும். உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள்.
- ஃபோகஸ் முறை: பறக்கும் பறவைக்கு ‘ஃபேஸ் டிடெக்‌ஷன்’ ஃபோகஸ் இருந்தால் நல்லது. ஒலிம்பஸில் 2013-ல் வந்த இ-எம்1-ல் அது உண்டு; எல்லா மாடலிலும் இல்லை. பானசோனிக்கின் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வரிசையில் ஜி9 மார்க் 2-ல்தான் வந்தது. நிக்கான் 1-ல் தொடக்கத்திலிருந்தே சென்சாரிலேயே இருக்கிறது.
- சர்வீஸ்: ரிப்பேர் என்றால் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பதைக் காசு கொடுக்கும் முன் விசாரியுங்கள், பிறகு இல்லை.

போனும் ஜூம் கேமராவும் போதாதா?

வீட்டு மரத்தில் கூடு கட்டியிருக்கும் நாரைக்குப் போன் கேமராவே போதும் என்று தோன்றலாம். சாதாரணப் படங்களுக்கு உண்மைதான். ஷியோமி 13 ப்ரோ, விவோ எக்ஸ்90 ப்ரோ போன்ற போன்களில் 1 இன்ச் சென்சாரே வந்துவிட்டது. சின்ன மிரர்லெஸ் கேமராக்களின் வியாபாரம் படுத்ததற்குப் போன்களும் ஒரு காரணம். ஆனால் அந்தப் பெரிய சென்சார் இருப்பது அகலமாகக் காட்டும் முக்கிய கேமராவில். 60 மீட்டர் தூரத்துப் பறவைக்கு ஏற்ற நீள லென்ஸைப் போனின் ஒல்லி உடம்புக்குள் வைக்க இடமில்லை.

உண்மையான போட்டி, லென்ஸ் மாற்ற முடியாத ‘பிரிட்ஜ்’ ஜூம் கேமராக்களிடமிருந்து வருகிறது. நிக்கான் பி900 2,000 மி.மீ. காட்சி வரை எட்டும். பி1000 மாடல் 3,000 மி.மீ. வரை. உள்ளே இருப்பது அந்த உளுந்து அளவு 1/2.3 இன்ச் சென்சார்தான். நல்ல வெயிலில் பறவையை அடையாளம் காண இதைவிட மலிவான வழி இல்லை. வெளிச்சம் குறைந்தால் படத்தின் தரம் மளமளவென இறங்கும். அப்போது வேறு லென்ஸ் போட்டுச் சமாளிக்க வழி கிடையாது.

அப்போ யாருக்கு எது செட் ஆகும்?

- பறவைகளைப் பார்த்து, பதிவு செய்வது மட்டுமே நோக்கம், பட்ஜெட் குறைவு: பிரிட்ஜ் ஜூம் கேமரா.
- வார இறுதியில் குளம், நடுவில் கோயில் கொடை, குடும்ப விசேஷம், வீடியோ என எல்லாம் வேண்டும். எடையும் குறைய வேண்டும்: மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ், ஒரு 300 மி.மீ. ஜூம், ஒரு எஃப்/1.8 பிரைம்.
- பகல் பறவை மட்டும் போதும், பழைய சாமான் என்பது தெரிந்தே வாங்குகிறேன், 70–300 மி.மீ. லென்ஸோடு நல்ல நிலையில் கிடைக்கிறது: நிக்கான் 1. லென்ஸ் இல்லாமல் பாடி மட்டும் கிடைத்தால் விட்டுவிடுங்கள். பறவைக்கு அதன் உயிரே அந்த லென்ஸ்தான்.
- கல்யாண ஆர்டர், அடர்காடு, இரவு வேலை: ஏபிஎஸ்-சி அல்லது ஃபுல் ஃபிரேம்.

கரையில் நிற்கும்போது...

சரணாலயத்திலும் புலிகள் காப்பகத்திலும் படம் எடுப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் கீழ் அனுமதிக்கு உட்பட்டது. வனத்துறை ஊழியர்களிடம் கேட்டுவிட்டே எடுங்கள். அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. தாமிரபரணிக் கரையில், மருத மரங்களில் பறவைகள் தங்கும் திருப்புடைமருதூர் 2005-லேயே நாட்டின் முதல் ‘கன்சர்வேஷன் ரிசர்வ்’ என அறிவிக்கப்பட்ட இடம். அங்கேயும் மரத்தடியில் கை தட்டிப் பறவையை எழுப்பிப் படம் எடுக்கும் பழக்கம் வேண்டாம். நீங்கள் நிற்கும் இடத்தில் பறவை கழுத்தை நிமிர்த்தி உங்களையே பார்க்க ஆரம்பித்தால், எந்த சென்சாராக இருந்தாலும் இரண்டு எட்டு பின்னால் வைக்க வேண்டிய நேரம் அது.

வாங்குவதற்கு முன் கடைசியாக ஒன்று. நண்பரிடமோ வாடகைக்கோ ஒரு நாள் கேமராவை வாங்கி, உங்கள் மெமரி கார்டைப் போட்டு, காலை 7 மணிக்கு ஒரு குளக்கரையிலும் இரவு 7 மணிக்கு வீட்டுக்குள்ளும் ஐம்பது ஐம்பது படம் எடுங்கள். இரண்டையும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். பகல் படங்கள் திருப்தியாக இருந்து, இரவுப் படங்களோடும் வாழ முடியும் என்று தோன்றினால் தைரியமாக வாங்கலாம்.